பழைய கணினியின் பேக்கப்பை நெட்வொர்க் வழியாகப் புதிய கணினியில் இறக்குவது: முழுமையான வழிகாட்டி

பேக்கப் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எடுத்து வைத்ததை வேறொரு மெஷினில் திரும்ப இறக்குவது எப்படி என்று தேடும்போதுதான் ஆள் கிடைக்க மாட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், பழைய கணினியை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் 11 மெஷினுக்கு மாறும் வேலை பல வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் வந்து நிற்கிறது. அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். ஒரே ரவுட்டரில் இணைந்த கணினிகள். ஒன்று பழையது, அது செத்துப்போயிருக்கலாம், இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கலாம். இன்னொன்றில் அந்தப் பழைய கணினியின் பேக்கப் சேர்ந்திருக்கிறது, இதை இனி பேக்கப் கணினி என்றே சொல்கிறேன். மூன்றாவது புதியது. பேக்கப் கணினியில் இருப்பதை, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல், நெட்வொர்க் வழியாகவே புதியதற்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி: வேலை முழுக்க முடிந்து சரிபார்க்கும் வரை பேக்கப்பில் எதையும் எழுதக்கூடாது, நகர்த்தக்கூடாது, பெயர் மாற்றக்கூடாது. பழைய கணினி போய்விட்டதென்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. "கட்" செய்து "பேஸ்ட்" பண்ணும் பழக்கம் உள்ளவர்கள் இன்று ஒருநாள் அதை மறந்துவிடுங்கள். கீழே வரும் பாதிப் படிகள் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

முதலில், கையில் இருப்பது எந்த வகைப் பேக்கப்?

பேக்கப் கணினியில் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே "ஃபைல்ஹிஸ்டரி" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பயனர் பெயர், அதற்குள் பழைய கணினியின் பெயர், அதற்கும் உள்ளே "டேட்டா", "கான்ஃபிகரேஷன்" என்று இரண்டு இருந்தால் அது விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி எடுத்தது. பழைய கணினியின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும், உள்ளே "பேக்கப் செட்" என்று தேதியோடு இன்னொன்றும், அதற்குள் வரிசையாக ஜிப் கோப்புகளும் இருந்தால் அது "பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)" எடுத்தது. விண்டோஸ் 7 என்று பெயர் இருந்தாலும் 10, 11 இரண்டிலும் இது கண்ட்ரோல் பேனலில் இன்னும் இருக்கிறது. "விண்டோஸ்இமேஜ்பேக்கப்" என்று இருந்தால் முழு டிஸ்க்கின் சிஸ்டம் இமேஜ். இவை எதுவும் இல்லாமல் உங்கள் ஃபோல்டர்கள் அப்படியே தெரிந்தால் யாரோ கையால் காப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள், அதுதான் இருப்பதிலேயே சுலபம்.

வகை தெரிந்த கையோடு, என்ன இல்லை என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற பயனர் ஃபோல்டர்களைத்தான். டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் கணக்கு வழக்கெல்லாம் வைத்திருந்தால், யாராவது அதைச் சேர்த்திருந்தால் ஒழிய, அது பேக்கப்பில் இருக்காது. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதை ஃபார்மேட் செய்யவோ விற்கவோ முன்பு இதைப் பார்ப்பது நல்லது. பிறகு பார்த்துப் பயனில்லை.

நெட்வொர்க்கைத் தயார் செய்வது

பேக்கப் கணினி, புதிய கணினி இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பு "பிரைவேட்" என்று இருக்கிறதா பாருங்கள். "பப்ளிக்" என்று இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் கோப்புப் பகிர்வை விடாது. அடுத்து அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் "நெட்வொர்க் டிஸ்கவரி", "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" இரண்டையும் பிரைவேட் பிரிவில் ஆன் செய்யுங்கள். கடை வைஃபை, ஹோட்டல் வைஃபை மாதிரி இடங்களில் இதைச் செய்யாதீர்கள், வீட்டு அல்லது அலுவலக ரவுட்டரில் மட்டும்.

இப்போது கேபிள். முடிந்தவரை இரண்டு கணினிகளையும் கேபிளிலேயே ரவுட்டரோடு இணையுங்கள், வைஃபையில் பெரிய பேக்கப்பை இழுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கேபிள் போட்டதும் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று பாருங்கள். 1000 என்று காட்டினால் நொடிக்குச் சுமார் 110 எம்.பி வரை எதிர்பார்க்கலாம், 500 ஜி.பி ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 100 என்று காட்டினால் நொடிக்கு 11, 12 எம்.பிதான், அதே 500 ஜி.பி பன்னிரண்டு மணி நேரம் இழுக்கும். இரண்டு பக்கமும் கிகாபிட், அதாவது 1000 வேகப் போர்ட் இருந்தும் 100 காட்டினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும், அதனால் ஒரு ஜோடி அறுந்த கேபிள் சத்தமில்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அதோடு ரவுட்டரின் லேன் போர்ட்டும் கிகாபிட்தானா என்று பாருங்கள், விலை குறைந்த பல ரவுட்டர்களில் 100தான் இருக்கிறது.

இரண்டு கணினிகளிலும் ஸ்லீப்பை "நெவர்" என்று மாற்றிவிடுங்கள். இரவு காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் வந்து பார்த்தால் பேக்கப் கணினியும் சேர்ந்து தூங்கியிருப்பது சகஜம்.

படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கணக்கு

பலரும் இந்த இடத்தில் "எவ்ரிஒன்" என்று போட்டு முழு அனுமதியையும் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம். பேக்கப் கணினியில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு புதிய லோக்கல் பயனரை உருவாக்குங்கள். பெயர் எதுவானாலும் சரி, பாஸ்வேர்டு மட்டும் கட்டாயம், ஏனென்றால் பாஸ்வேர்டு இல்லாத கணக்கால் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே விடுவதில்லை. தினமும் திறக்கிற பின் நம்பரும் நெட்வொர்க்கில் செல்லாது. இந்த இரண்டும் தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய.

பிறகு பேக்கப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். "ஷேர் திஸ் ஃபோல்டர்" டிக் செய்து, பர்மிஷன்ஸ் போய், எவ்ரிஒன்னை நீக்கிவிட்டு, புதிய பயனரைச் சேர்த்து, "ரீட்" மட்டும் கொடுங்கள். அதே ஜன்னலின் செக்யூரிட்டி டேபிலும் அந்தப் பயனருக்குப் படிக்கும் அனுமதி இருக்க வேண்டும். ஷேரிங்கில் ஒன்று, செக்யூரிட்டியில் ஒன்று என்று இரண்டு பூட்டு உண்டு, இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

புதிய கணினியிலிருந்து உள்ளே போவது

புதிய கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, பேக்கப் கணினியின் பெயரைத் தட்டி எண்டர் அடியுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் வெறும் பயனர் பெயரை மட்டும் போடாமல், பேக்கப் கணினியின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் பயனர் பெயர் என்று போடுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினி தன் சொந்தக் கணக்குகளில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

போகவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டில் "நெட் யூஸ்" கட்டளையோடு அதே பாதையைக் கொடுத்துப் பாருங்கள், வரும் எண் எங்கே கோளாறு என்று நேராகச் சொல்லிவிடும். 53 என்றால் கணினியே எட்டவில்லை: பெயரை விட்டுவிட்டு 192.168.1.20 மாதிரி ஐ.பி முகவரியைப் போட்டுப் பாருங்கள், அப்படிப் போனால் பெயர் தேடுவதில்தான் சிக்கல், போகாவிட்டால் ஃபயர்வால் அல்லது பப்ளிக் புரொஃபைல். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளைப் பாருங்கள். 1326 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, ஆனால் அனுமதி இல்லை, மேலே சொன்ன இரண்டு பூட்டையும் மறுபடி பாருங்கள். 1219 என்றால் அதே கணினிக்கு வேறு பயனர் பெயரில் ஏற்கெனவே ஒரு இணைப்பு திறந்திருக்கிறது. புதிய கணினியை ரீஸ்டார்ட் செய்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பதிவையும் அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

பேக்கப் இருப்பது கணினியில் இல்லை, ஒரு பழைய நாஸ் பெட்டியில் (ரவுட்டரோடு நேராக இணைக்கும் சேமிப்புப் பெட்டி) என்றால் இன்னொரு தொல்லை வரலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் புரோ வகையிலும் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள், எஸ்.எம்.பி என்ற கோப்புப் பகிர்வு முறையில் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கும் சைனிங்கையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். நேற்றுவரை விண்டோஸ் 10இல் திறந்த நாஸ் இன்று திறக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நாஸில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்குவதே சரியான வழி. அந்த முறையின் பழைய பதிப்பான எஸ்.எம்.பி 1ஐ மறுபடி ஆன் செய்யச் சொல்லும் ஆலோசனை இணையமெங்கும் கிடக்கிறது. 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்த எஸ்.எம்.பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதைத் திறப்பதைவிட, பேக்கப்பை வேறொரு கணினிக்கு இழுத்து அங்கிருந்து எடுப்பது மேல்.

எங்கே இறக்குவது

நேராக டாக்குமெண்ட்ஸுக்குள் இறக்காதீர்கள். புதிய கணினியின் சி அல்லது டி டிரைவின் வேரிலேயே "மீட்பு" என்று சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் முதலில் அங்கே கொண்டுவாருங்கள்.

இதற்கு மூன்று காரணம். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் பல நேரங்களில் ஒன்டிரைவுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். அங்கே 100 ஜி.பியைக் கொட்டினால் அது மேகத்துக்கு ஏற்ற ஆரம்பிக்கும், இலவச இடம் 5 ஜி.பிதான், பிறகு ஒரே சிவப்புக் குறி. இரண்டாவது, பல மென்பொருள்களுக்கு இன்னும் 260 எழுத்துகளுக்கு மேல் நீளமான பாதை ஆகாது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகும் பழைய கோப்புகள் இங்கே மாட்டும். மூன்றாவது, புதிய கணினியில் ஏற்கெனவே வேலை ஆரம்பித்திருந்தால் பழைய கோப்பு புதியதன் மேல் ஏறிவிடாது.

இனி மீட்பு

கையால் எடுத்த சாதாரணக் காப்பி என்றால் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடலாம், கொஞ்சம்தான் என்றால் அதுவே போதும். பெரியது என்றால் விண்டோஸுடன் வரும், கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓடும் காப்பிக் கருவியான ரோபோகாப்பியை விட நல்லது இல்லை. நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முழுதாக வந்துவிட்ட கோப்புகளை விட்டுவிட்டு மீதியை எடுக்கும். கட்டளையின் வரிசை: ரோபோகாப்பி, எடுக்கும் பாதை, சேரும் பாதை, பிறகு சுவிட்சுகள், அதாவது எப்படிக் காப்பி எடுக்க வேண்டும் என்று சொல்லும் குறிகள். ஸ்லாஷ் இ போட்டால் உள்ஃபோல்டர்கள் எல்லாம் வரும். ஸ்லாஷ் ஆர் கோலன் 2, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 5 இரண்டும் கட்டாயம், ஏனென்றால் இவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 விநாடிக்கு ஒருமுறை என்று பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டிருக்கும், அதுதான் அதன் இயல்பு அமைப்பு. ஸ்லாஷ் எக்ஸ்ஜே போட்டால் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் போலி இணைப்புகளில் நுழைந்து சுற்றிச் சுற்றி வராது. என்னென்ன நடந்தது என்ற பதிவை (லாக்) எழுதச் சொல்லும்போது லாக் என்று போடாமல் யூனிலாக் என்று போடுங்கள், அப்போதுதான் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் லாக்கில் ஒழுங்காகத் தெரியும். ஓடும்போது கறுப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், அது திரையின் எழுத்துரு சிக்கல்தான், கோப்பின் பெயர் கெடவில்லை.

ஸ்லாஷ் எம்ஐஆர் என்ற சுவிட்சை மட்டும் இங்கே தொடாதீர்கள். அது சேரும் பக்கத்தை எடுக்கும் பக்கத்தின் கண்ணாடி ஆக்கும், அதாவது எடுக்கும் பக்கத்தில் இல்லாதது சேரும் பக்கத்தில் இருந்தால் அழித்துவிடும். பாதைகளை இடம் மாற்றிக் கொடுத்து, எழுதும் அனுமதியும் இருந்துவிட்டால் ஒரு காலி ஃபோல்டர் உங்கள் மொத்தப் பேக்கப்பையும் காலி செய்யும். ரீட் மட்டும் கொடுக்கச் சொன்னதன் அருமை அப்போது தெரியும். ஸ்லாஷ் காப்பிஆல் என்பதும் வேண்டாம். பழைய கணினியின் பயனர் உரிமைகளையும் சேர்த்து இழுத்து வந்து, புதிய கணினியில் யார் என்றே தெரியாத ஒரு நீள எண்ணுக்குச் சொந்தமான கோப்புகளாக நிற்கும்.

ஃபைல் ஹிஸ்டரி என்றால் இரண்டு வழி. முறையான வழி: புதிய கணினியின் கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, செலக்ட் டிரைவ், ஆட் நெட்வொர்க் லொகேஷன் என்று போய்ப் பேக்கப் பாதையைக் கொடுத்தால், முந்தைய பேக்கப்பைப் பயன்படுத்த விரும்புகிறீர்களா என்று கேட்டுப் பழைய கணினியின் பெயரைக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து, "ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்" போய், வேண்டியதை ரைட் கிளிக் செய்து "ரீஸ்டோர் டு" கொடுத்து மீட்பு ஃபோல்டரைக் காட்டுங்கள். பச்சைப் பொத்தானை நேராக அழுத்தினால் பழைய இடத்துக்கே போய்விடும். சிக்கல் என்னவென்றால் இந்த வழிக்கு அந்த ஷேரில் எழுதும் அனுமதி வேண்டும், நம் விதியோடு மோதுகிறது. அதனால் முதலில் ஃபைல்ஹிஸ்டரி ஃபோல்டரை முழுதாக இன்னொரு டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் காப்பியைத் தனியாக ஷேர் செய்து எழுத அனுமதி கொடுங்கள். மீட்பு முடிந்ததும் ஃபைல் ஹிஸ்டரி ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள்.

புதிய கணினியில் பயனர் பெயர் வேறாக இருந்தால் அந்தப் பட்டியலில் பழைய பேக்கப் வராமலும் போகலாம். அப்போது இரண்டாவது வழி, "டேட்டா" ஃபோல்டரை நேராகக் காப்பி எடுப்பது. கோப்புகள் சாதாரணமாகவே திறக்கும், பெயரின் கடைசியில் மட்டும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அந்த நேரம் யூ.டி.சி என்ற உலகப் பொது நேரம், இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், ஆகவே காலையில் மாற்றிய கோப்பு நள்ளிரவில் மாற்றியது போலத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஒரே கோப்புக்குப் பல பதிப்புகள் இருக்கும். கடைசிப் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் இருக்கும் பவர்ரீநேம் கொண்டு அடைப்புக்குறிப் பகுதியை மொத்தமாக நீக்கலாம். இதையெல்லாம் காப்பியில் செய்யுங்கள், மூலத்தில் இல்லை.

விண்டோஸ் 7 வகைப் பேக்கப்புக்கு, கண்ட்ரோல் பேனலில் அதே பெயருள்ள பகுதியைத் திறந்து, வேறொரு பேக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பை அழுத்தி, பிரவுஸ் நெட்வொர்க் லொகேஷனில் பாதை, பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். எந்தக் காலத்துப் பேக்கப் என்று பட்டியல் வரும். இடம் கேட்கும்போது மீட்பு ஃபோல்டரைக் காட்டி, மூல உள்ஃபோல்டர்களோடு மீட்கும் டிக்கையும் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். பட்டியலில் எதுவும் வராவிட்டாலும் கவலை இல்லை, உள்ளே இருப்பவை சாதாரண ஜிப் கோப்புகள்தான், காப்பி எடுத்துக் கையாலேயே பிரிக்கலாம்.

சிஸ்டம் இமேஜ் என்றால் ஒன்றே ஒன்று சொல்வேன்: அதை வேறு ஹார்டுவேர் உள்ள புதிய கணினியில் முழுதாக இறக்க முயலாதீர்கள். டிரைவர், ஆக்டிவேஷன், டிஸ்க் அளவு என்று ஒவ்வொன்றாக நின்று வழி மறிக்கும். பேக்கப் கணினியில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்து, அட்டாச் வி.எச்.டி (டிஸ்க் இமேஜ் கோப்பை டிரைவாக இணைப்பது) கொடுத்து, "ரீட்-ஒன்லி" டிக் செய்து அந்த இமேஜைத் திறந்தால் ஒரு டிரைவ் போல வரும். அதிலிருந்து பயனர் ஃபோல்டரை மட்டும், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ரோபோகாப்பி போட்டு ஒரு சாதாரண ஃபோல்டருக்கு எடுத்து, அதை ஷேர் செய்யுங்கள்.

வந்தது சரியா

இரண்டு பக்கமும் பிராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையையும் "சைஸ்" அளவையும் ஒப்பிடுங்கள், "சைஸ் ஆன் டிஸ்க்" என்பதை விட்டுவிடுங்கள், அது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். ரோபோகாப்பி என்றால் லாக்கின் கடைசியில் "ஃபெயில்டு" பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். மீட்பு ஃபோல்டர் முழுவதையும் விண்டோஸ் டிஃபெண்டரில் ஒருமுறை ஸ்கேன் போடுங்கள். அப்புறம் உண்மையாகவே திறந்து பாருங்கள்: சில பழைய படங்கள், ஒரு பெரிய எக்செல், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம். எண்ணிக்கை சரியாக இருந்து, கோப்பு பேக்கப் எடுக்கும்போதே கெட்டுப்போயிருப்பதும் உண்டு.

கோப்போடு வராதவை

பேக்கப்பிலிருந்து கோப்பு வரும், கணினி வராது. மீட்பு முடிந்த மறுநாள் வரும் புகார்கள் எல்லாம் இந்த இடத்தில்தான்.

குரோமின் ஃபோல்டரை அப்படியே தூக்கி வந்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் வராது, அவை பழைய கணினியின் விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. பழைய கணினி ஓடும்போதே கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஏற்றிவிட்டு அந்தக் கோப்பை உடனே அழியுங்கள், அதில் பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாகவே இருக்கும். அவுட்லுக்கில் மெயில்களைச் சேமிக்கும் பி.எஸ்.டி கோப்பு பயன்படும், சர்வரில் இருப்பதன் நகலான ஓ.எஸ்.டி பயன்படாது, அது சர்வரிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். பி.எஸ்.டியை ஷேரிலேயே வைத்து நெட்வொர்க் வழியாகத் திறக்கவும் வேண்டாம், புதிய கணினியின் டிஸ்க்குக்குக் கொண்டுவந்த பிறகே திறங்கள்.

டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் 10000, 10001 மாதிரி எண் பெயரில் ஒரு ஃபோல்டராக இருக்கும். புதியதில் அதே எண்ணில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்தால் ரீஸ்டோர் செய்யும்போது அதன் மேல் எழுதிவிடும், எச்சரிக்கை வந்தால் படித்துவிட்டு அழுத்துங்கள். காப்பி எடுக்கும் நேரத்தில் எந்தக் கணினியிலும் டேலி திறந்திருக்கக் கூடாது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்துரு. யூனிகோடில் அடித்தது எங்கும் திறக்கும், நிர்மலா யு.ஐ விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய ஆவணம் லதாவில் இருந்தால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். ஆனால் பாமினி மாதிரிப் பழைய முறையில் அடித்தவை அந்த எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால் ஃபைல் ஹிஸ்டரி அவற்றைத் தொடுவதே இல்லை, பழைய கணினியிலிருந்து தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் திறக்கிறது என்று உறுதியான பிறகே மீட்பு ஃபோல்டரிலிருந்து அவரவர் இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு பேக்கப் கணினியில் உருவாக்கிய அந்தப் பயனரை நீக்கி, ஷேரிங்கை நிறுத்தி, ஸ்லீப் அமைப்பைப் பழையபடி வையுங்கள். பேக்கப்பை அழிக்க அவசரம் வேண்டாம், ஒரு மாதக் கணக்கு முடித்து, ஒரு ஜி.எஸ்.டி தாக்கலும் புதிய கணினியிலேயே போன பிறகு யோசிக்கலாம், மறந்த கோப்பெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வரும். புதிய கணினியின் பேக்கப்பை அன்றே ஆரம்பித்துவிடுங்கள், வேறு ஃபோல்டரில், டி டிரைவையும் சேர்த்து.